முதல் ஃபிலிம் கேமரா: குறைந்த செலவில் பழையதில் எதை வாங்கலாம்?

புதுரோல்:
அனைவருக்கும் வணக்கம். 35 மிமீ ஃபிலிமில் படமெடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு பழைய கேமரா தேடுகிறேன். ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) இரண்டையும் கையால் வைத்துப் பழக வேண்டும், அதுதான் நோக்கம். என்னிடம் லென்ஸ் எதுவும் இல்லை, அதனால் எந்த மவுண்டானாலும் (லென்ஸ் பொருத்தும் அமைப்பு) சரி. கேமராவுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டால் ஃபிலிம் வாங்கவும் கழுவவும் மிஞ்சாது என்பதால் செலவு குறைவாக இருக்க வேண்டும்.

இதுவரை கண்ணில் பட்டவை நான்கு: பென்டாக்ஸ் கே1000 (50 மிமீ எஃப்/2), கேனன் ஏஇ-1 புரோகிராம் (50 மிமீ எஃப்/1.8), கேனன் ஈஓஎஸ் 300 (28-90 ஜூம்), ஒலிம்பஸ் மியூ II. இதில் ஈஓஎஸ் 300 மட்டும் மற்றவற்றைவிட மிக மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஏதாவது குறை இருக்குமோ என்று சந்தேகம். எதை எடுக்கலாம்?

ஐம்பது எம்எம்:
மியூ II-ஐ முதலிலேயே விட்டுவிடுங்கள். அதன் 35 மிமீ எஃப்/2.8 லென்ஸ் அருமையானது. ஆனால் வேகம், அபெர்ச்சர் இரண்டுமே உங்கள் கையில் இருக்காது. எதை வைத்து எடுத்தது என்று கேமரா சொல்லவும் சொல்லாது. நீங்கள் கற்க நினைப்பதையே அது மறைத்துவிடும். உள்ளே மின்னணுப் பாகம் ஏதாவது செத்தால் பழுது பார்க்க ஆள் கிடைப்பது கடினம், மாற்றுப் பாகம் இன்னொரு மியூ II-ஐப் பிரித்தால்தான் வரும்.

கே1000 நீங்கள் கேட்ட பணிக்கே பிறந்தது போன்றது. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். 1 நொடியிலிருந்து 1/1000 வரை வேகங்கள், வியூஃபைண்டரில் ஒரு முள், அவ்வளவுதான். முள்ளை நடுவில் கொண்டுவரும் வரை வேகத்தையோ அபெர்ச்சரையோ திருப்ப வேண்டும். ஒரு எல்ஆர்44 பேட்டரி போதும், அதுவும் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நிற்கும். இதைத் தெரியாதவர்கள் 'மீட்டர் வேலை செய்யவில்லை' என்று விற்பதும் உண்டு. பல நேரம் பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரே சிக்கல், 'மாணவர் கேமரா' என்ற புகழ் அதன் விலையை ஏற்றிவிட்டது. அதே கே மவுண்டில் பென்டாக்ஸ் கேஎம், ரிக்கோ கேஆர்-5, சினான் சிஎம்-4 ஆகியவற்றையும் தேடுங்கள். எல்லாம் இயந்திர ஷட்டர், அதே லென்ஸ்கள் பொருந்தும், பெயர் மட்டும் பிரபலமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ரிக்கோவின் 'பி' வகை ரிக்கனான் லென்ஸ்களில் கூடுதலாக ஒரு ஊசி உண்டு. அதைப் பென்டாக்ஸின் ஆட்டோஃபோகஸ் உடல்களில் மாட்டினால் அந்த ஊசி ஃபோகஸ் மோட்டாரின் துளையில் சிக்கிக்கொண்டு கழற்ற முடியாமல் போகலாம். கே1000 போன்ற கையால் ஃபோகஸ் செய்யும் உடல்களில் பிரச்சினை இல்லை.

திருப்புளி:
மாடலைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். 40, 50 வருஷம் ஆன பொருள்ல மாடலைவிட, உங்க கைக்கு வர்ற அந்த ஒரு உருப்படி எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம். நல்லா வச்சிருந்த சாதாரண ரிக்கோ, பரண்ல ஈரத்துல கெடந்த நிக்கான் எஃப்எம்-ஐவிட எவ்வளவோ மேல். அதனால மூணு, நாலு மாடலை மனசுல வச்சுக்கிட்டு, அதுல நல்ல நிலைமைல எது கிடைக்குதோ அதை எடுங்க.

கையில எடுத்துப் பார்க்கற வாய்ப்பு இருந்தா இப்படிப் பாருங்க.

முதல்ல ஷட்டர். லென்ஸைக் கழட்டுங்க, பின்மூடியைத் திறங்க, உள்ள ஃபிலிம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. வெள்ளையா ஒளிர்ற ஒரு திரையை இல்ல ஜன்னலைப் பார்த்துக் கேமராவைப் பிடிச்சு 1/1000-ல தட்டுங்க. செவ்வகம் முழுசும் ஒரே சீரா ஒரு கணம் வெளிச்சம் தெரியணும். ஒரு ஓரம் மட்டும் இருட்டா இருந்தா ஷட்டரோட ரெண்டு திரையும் ஒரே வேகத்துல ஓடலை, பின்னால வர்ற திரை முன்னதை எட்டிப் பிடிக்குதுன்னு அர்த்தம். படத்துல ஒரு பக்கம் இருண்டு போகும். அப்புறம் 1 நொடி. சர்ர்ருன்னு ஒரே சீரான சத்தத்தோட முடியணும். நடுவுல நின்னு நின்னு போனாலோ, திறந்தபடியே நின்னுட்டாலோ மெதுவேகப் பல்சக்கரங்கள்ல எண்ணெய் காஞ்சு பிசினாயிருக்கு. இது சுத்தம் செஞ்சா சரியாகிற கோளாறுதான், ஆனா அந்தச் செலவை விலைல கழிச்சுக் கேளுங்க.

ஷட்டர் தகட்டையும், அதுக்கு முன்னால சாய்வா இருக்கிற கண்ணாடியையும் விரலால தொடவே கூடாது. கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு மேல்பக்கத்துலயே இருக்கு. துணியால தேச்சாலே போயிடும்.

ரெண்டாவது ஃபோம். பின்மூடி வந்து உட்கார்ற பள்ளத்துல, கீல் பக்கத்துல, கண்ணாடி மேல போய் இடிக்கிற இடத்துல கருப்பு ஸ்பாஞ்சு இருக்கும். காலப்போக்குல அது தார் மாதிரி உருகிடும், இல்ல பொடியாயிடும். பல்குத்தற குச்சியால லேசாத் தொட்டுப் பாருங்க. ஒட்டினா மாத்தணும். இதுக்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம், விலை பேச இது நல்ல காரணம். வீட்டுலயே மாத்தலாம், கேட்டா எழுதறேன். கண்ணாடிக்கு மேல இருக்கிற ஃபோம் உருகிப்போனா தட்டினதும் கண்ணாடி மேலயே ஒட்டிக்கும், கீழ வராது. 'ஷட்டர் ஜாம்'னு சொல்ற சிலதுல நடக்கறது இதுதான்.

மூணாவது பேட்டரி அறை. மூடியைக் கழட்டாம வாங்காதீங்க. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கு. லேசா இருந்தா வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால துடைச்சுட்டு, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சாப் போதும். கனமா அரிச்சிருந்தா அரிப்பு ஒயர் வழியா உள்ள ஏறியிருக்கும், ஒயர் கருத்துப்போயிருக்கும். இயந்திர ஷட்டர் கேமரான்னா மீட்டர் போச்சுன்னு நினைச்சு எடுக்கலாம். எலக்ட்ரானிக் ஷட்டர்னா வேண்டாம்.

நாலாவது லிவர். ஃபிலிம் நகர்த்தற லிவர் முழு வீச்சும் வழுக்காமப் போகணும். பல் பல்லாக் கடிச்சாலோ, பாதில விட்டுக்கொடுத்தாலோ விட்டுடுங்க.

சாம்பல் அட்டை:
திருப்புளி சார் சொன்னதோடு லென்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. பால் போன்ற மெல்லிய படலம் தெரிந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது, அது மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) வெகுவாகக் குறைக்கும். ஓரத்தில் வானவில் நிறமாகவோ வெள்ளியாகவோ திட்டு தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்வது லென்ஸ் விலைக்கு மேல் போகும். நாலைந்து தூசு, முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல், இவை படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல்தான் கவலைக்குரியது.

அடுத்து அபெர்ச்சர் இலைகள். எஃப்/16 (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது) வைத்து, லென்ஸின் பின்னால் உள்ள லிவரையோ ஊசியையோ விரலால் தள்ளி விடுங்கள். இலைகள் பளிச்சென மூட வேண்டும். எண்ணெய் பட்டுப் பளபளத்தால் மெதுவாகத்தான் மூடும். ஷட்டர் திறக்கும் நேரத்தில் அவை இன்னும் மூடி முடிந்திருக்காது, ஆகவே எஃப்/8, எஃப்/16-இல் எடுத்ததெல்லாம் அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கிவிடும். முழுத் திறப்பில் எடுத்த படங்கள் மட்டும் சரியாக வருகிறது என்று குழம்புபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை ஃபோகஸ் திரையின் மேல் இருக்கும் தூசு, ஃபிலிமில் விழாது.

பிரிசம்:
கேட்டவர் 'செலவு குறைவு' என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் இயந்திரக் கேமராவையே பரிந்துரைக்கிறீர்கள். ஈஓஎஸ் 300 விலை குறைந்ததற்குக் காரணம் குறைபாடு இல்லை, பிளாஸ்டிக் தோற்றம்தான். 1999-இல் வந்தது, மற்ற இரண்டு எஸ்எல்ஆர்களைவிட (கண்ணாடி வழியே லென்ஸ் காண்பதையே காட்டும் கேமராக்கள்) வயது குறைவு. ஃபிலிமை மோட்டாரே ஏற்றிச் சுருட்டும். அதில் 'எம்' முறை இருக்கிறது, வேகம், அபெர்ச்சர் இரண்டையும் நீங்களே வைக்கலாம், வியூஃபைண்டரில் அளவுகோல் தெரியும். 1987 முதல் வந்த எல்லா ஈஎஃப் லென்ஸ்களும் மாட்டும். ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் மட்டும் மாட்டாது.

இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. ரோலைப் போட்டதுமே முழு ஃபிலிமையும் வெளியே இழுத்துச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு படம் எடுத்ததும் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் அனுப்பும். பாதியில் தவறிப் பின்மூடியைத் திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும். புதியவருக்கு இது பெரிய காப்பு.

நிக்கான் பக்கம் எஃப்75, எஃப்80 இரண்டும் விலை விஷயத்தில் இதே கதைதான். எஃப்80-இன் பின்மூடி ரப்பர் பிசுபிசுத்திருக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் போய்விடும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய நிக்கார் லென்ஸை அதில் மாட்டினால் மீட்டர் வேலை செய்யாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இருட்டறை:
பிரிசம் சொல்வதில் விலை பற்றிய பகுதி முழுக்கச் சரி. ஆனாலும் மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, ஈஓஎஸ் 300-க்கு இரண்டு சிஆர்2 பேட்டரி வேண்டும். அது தீர்ந்தால் கேமரா வெறும் பெட்டி. பையில் எப்போதும் ஒரு ஜோடி மாற்று இருக்க வேண்டும். இரண்டு, அந்த ஜூம் லென்ஸின் திறப்பு எஃப்/4-இல் தொடங்கி 5.6 வரை போகும். வீட்டுக்குள் ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) 400 ஃபிலிமோடு 1/60 வேகம் கிடைப்பதே அரிது. புலத்தின் ஆழம் (ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் அளவு) எப்படி மாறுகிறது என்பதையும் அதில் உணர முடியாது. எனவே ஈஎஃப் 50 மிமீ எஃப்/1.8 சேர்த்து விலையைக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மூன்று, வியூஃபைண்டர் சிறியது, ஃபோகஸ் சரிபார்க்க உதவும் பிளவுபட்ட வட்டம் கிடையாது. கையால் ஃபோகஸ் செய்து பழகும் எண்ணமிருந்தால் கே1000 வகைதான் வசதி.

பொதுவாக ஆட்டோஃபோகஸ் உடல் வாங்குபவர்களுக்கு ஒன்று: ஆரம்பகால ஈஓஎஸ் உடல்கள் பலவற்றில் ஷட்டர் தகடு வந்து முட்டும் சிறு ஃபோம் உருகித் தகட்டின் மேல் கருப்புப் பிசினாக வடியும். பின்மூடியைத் திறந்து தகட்டில் எண்ணெய் போன்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பின்மூடியின் பிளாஸ்டிக் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

திருப்புளி:
பிரிசம் சொன்னதை மறுக்கலை. எலக்ட்ரானிக் உடல் இன்னிக்கு நல்லா ஓடுது, விலையும் குறைவு. ஆனா நின்னுபோனா தூக்கிப் போட வேண்டியதுதான். இயந்திரக் கேமரான்னா சுத்தம் செஞ்சு இன்னும் 20, 30 வருஷம் ஓட்டலாம். விலை குறைஞ்சதை வாங்கி, போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு இருந்தா ஈஓஎஸ் 300 சரி. ஒரே கேமராவை வச்சுப் பழகணும்னா இயந்திரம்.

ஏஇ-1 புரோகிராம் பத்தி யாரும் பேசலை. அது 1981-ல வந்தது. கேமரா நல்லதுதான், ஆனா உங்க தேவைக்கு ரெண்டு குறை இருக்கு. 6 வோல்ட் பேட்டரி இல்லாம ஷட்டரே ஓடாது. அப்புறம் கையால வைக்கிற முறைல, மீட்டர் 'இந்த அபெர்ச்சர் வை'ன்னு காட்டும், நீங்க லென்ஸ்ல வச்சது என்னன்னு காட்டாது. வியூஃபைண்டர்ல இருந்து கண்ணை எடுத்து லென்ஸைப் பார்த்துத் திருப்பணும். தட்டும்போது இருமற மாதிரி, கீச்சுன்னு ஒரு சத்தம் வந்தா கண்ணாடியை இயக்கற பல்சக்கரத்துல மசகு காஞ்சிருக்கு. நாலு சொட்டு எண்ணெய் ஊத்தி சரி பண்ணினேன்னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க, அளவு மீறின எண்ணெய் வேற இடத்துக்குப் பரவிடும். பேட்டரி மூடி பிளாஸ்டிக்குங்கறதால சுலபமா உடையும், அதையும் பாருங்க.

மினோல்டா எக்ஸ்-700 யாராவது சொன்னாங்கன்னா, அதுல மின்தேக்கி ஒண்ணு செத்து ஷட்டர் பூட்டிக்கிறது பரவலான கோளாறு. சால்டர் பண்ணத் தெரிஞ்சவங்களுக்குச் சின்ன வேலை, மத்தவங்களுக்குத் தலைவலி.

புதுரோல்:
மிக்க நன்றி. அப்படியானால் இயந்திர ஷட்டர் பக்கமே போகிறேன். விலை குறைவாக இன்னும் மூன்று கண்ணில் படுகின்றன: மினோல்டா எஸ்ஆர்-டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-10, ஹீலியோஸ் 58 மிமீ லென்ஸோடு ஒரு ஜெனிட்-இ. எஸ்ஆர்-டி 101-இன் பேட்டரி இப்போது கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

சாம்பல் அட்டை:
உண்மைதான், ஆனால் தடையில்லை. 1966-இல் வந்த எஸ்ஆர்-டி 101, அதே காலத்து ஓஎம்-1 போன்றவை பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிக் கட்டப்பட்டவை. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் வரும் ஆல்கலைன் 1.5 வோல்ட். மின்னழுத்தம் கூடினால் முள் கூடுதலாக விலகி, இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும், படம் இருண்டு போகும். போதாததற்கு, ஆல்கலைனின் மின்னழுத்தம் தீரத் தீரக் குறைந்துகொண்டே வரும், எனவே பிழையும் நாளுக்கு நாள் மாறும்.

மாற்று வழிகள் மூன்று உண்டு. காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், சுற்றி ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டால் அறையில் நிற்கும். மேலே உள்ள ஸ்டிக்கரைக் கிழித்ததும் காற்றுப்பட்டுத் தீர ஆரம்பிக்கும் என்பதால் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தீர்ந்துவிடும். இரண்டாவது, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டையோடு பொருத்திய அடாப்டரில் எஸ்ஆர்44. இது ஒரே செலவில் முடிந்துவிடும். மூன்றாவது, மீட்டரையே மறந்துவிட்டு போனில் ஒரு ஒளிமானி செயலி வைத்துக்கொள்வது.

எல்ஆர்44, எஸ்ஆர்44 இரண்டும் ஒரே அளவுதான். முன்னது ஆல்கலைன், பின்னது சில்வர் ஆக்சைடு. எஸ்ஆர்44 தீரும் வரை கிட்டத்தட்ட 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். எல்ஆர்44 போடும் மீட்டருள்ள எந்தக் கேமராவுக்கும் எஸ்ஆர்44-ஏ வாங்குங்கள். பாதரச பேட்டரிச் சிக்கலுக்குப் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஒரு விதிவிலக்கு: அதன் மீட்டர் சுற்று மின்னழுத்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத அமைப்பு கொண்டது, இன்றைய சில்வர் ஆக்சைடு பேட்டரியிலேயே சரியாகக் காட்டும்.

எஸ்ஆர்-டி-யில் மீட்டர் சுவிட்ச் அடித்தட்டில் இருக்கிறது. அது அணைந்திருப்பதைப் பார்த்து மீட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஐம்பது எம்எம்:
ஓஎம்-10 வேண்டாம் என்பேன், கெட்ட கேமரா என்பதால் அல்ல. அது அபெர்ச்சரை நீங்கள் வைக்க, வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் கேமரா. வேகத்தை நீங்கள் வைக்கத் தனியாக ஒரு சிறு அடாப்டர் செருக வேண்டும், அது இல்லாமல்தான் பெரும்பாலும் விற்கப்படுகிறது. பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது.

ஜெனிட்-இ உறுதியானது, ஹீலியோஸ் லென்ஸும் நல்லது. எம்42 திருகு மவுண்ட் என்பதால் லென்ஸ்களும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் வேகங்கள் 1/30-இலிருந்து 1/500 வரை மட்டும். வியூஃபைண்டர் இருட்டு. அபெர்ச்சரை எடுப்பதற்கு முன் கையாலேயே மூட வேண்டும், மறந்தால் முழுத் திறப்பில் விழும். மீட்டர் செலீனியம், பேட்டரி வேண்டாம், ஆனால் பல செலீனியம் மீட்டர்கள் வயதால் சோர்ந்துவிட்டன. நிழலில் வைத்தும் வெயிலில் வைத்தும் முள் நகர்கிறதா என்று பாருங்கள். வேகத்தை மாற்றுவதாக இருந்தால் லிவரை இழுத்து முடித்த பிறகு மாற்றுவது பாதுகாப்பு. பழைய சோவியத் கேமராக்களான ஜோர்க்கி, ஃபெட் ஆகியவற்றில் இது கட்டாயம், இழுக்காமல் மாற்றினால் உள்ளே உடையலாம்.

என் வரிசை: எஸ்ஆர்-டி 101 முதலில், கே1000 வகை அதே தட்டில், ஜெனிட் கடைசியில்.

புதுரோல்:
எஸ்ஆர்-டி 101-ஐ விற்பவரிடம் வீடியோ கேட்டேன். போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில், பின்மூடியைத் திறந்து வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார். 1/30-இல் ஷட்டர் 9 ஃபிரேம் திறந்திருக்கிறது, 1/60-இல் 4. 1 நொடியில் 250 ஃபிரேமுக்கு மேல். ஃபோம் உருகிவிட்டது என்று அவரே சொல்கிறார், பாதி விலை குறைக்கத் தயார். எடுக்கலாமா?

திருப்புளி:
நல்ல வேலை. கணக்கு இதுதான்: 240-ஐ வேகத்தோட பின்னத்தால பெருக்குங்க. 1/30-க்கு 8, 1/60-க்கு 4, 1/15-க்கு 16 வரணும். 1/30-ல 10 வந்தாக்கூட மூணுல ஒரு ஸ்டாப்தான் தப்பு. 16 வந்தாத்தான் ஒரு முழு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு. உங்களுக்கு 9 வந்திருக்கு, கவலையே இல்லை. 1 நொடில 250-ம் ஒண்ணும் தப்பில்லை. 1/125-க்கு மேல இந்த முறை நம்பகமில்லை, ரெண்டு ஃபிரேம்கூடக் கிடைக்காது. அதுக்கு முன்ன சொன்ன வெள்ளைத் திரை சோதனைதான்.

பழைய ஷட்டர் கொஞ்சம் மெதுவா ஓடினா வெளிச்சம் கூடத்தான் விழும். நெகட்டிவ் ஃபிலிம் ரெண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும், குறைஞ்சாத்தான் நிழல்ல விவரம் போயிடும். ஸ்லைடு ஃபிலிம் இவ்வளவு தாங்காது, அதனால அதை மட்டும் இந்த மாதிரிக் கேமராக்கள்ல முதல்ல போடாதீங்க.

எடுங்க. ஃபோம் மாத்தறதைச் சொல்றேன். பழையதை மரக் குச்சியால சுரண்டுங்க, உலோகம் வேண்டாம். ஷட்டர் பக்கம் துகள் விழாம காகிதத்தை மடிச்சு மேல வச்சுக்கோங்க, ஆனா திரையைத் தொடாம. துணி ஷட்டர்ல பிசின் பட்டா தொல்லை. மிச்சப் பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால எடுங்க. குச்சி ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது. பள்ளங்களுக்கு 1.5 மிமீ தடிமன் ஃபோம், கீல் பக்கத்துக்குக் கொஞ்சம் அகலமா ஒரு துண்டு, கண்ணாடி முட்டற இடத்துக்கு 2-லிருந்து 3 மிமீ. பள்ளத்துக்கு ஃபோம் கிடைக்கலைன்னா கருப்புக் கம்பளி நூலை அமுக்கி வச்சாலும் வெளிச்சம் நிக்கும். ஒட்டற பசைப் பக்கத்துல எச்சிலோ தண்ணியோ லேசாத் தடவினா உடனே பிடிக்காது, நகர்த்திச் சரியா வைக்க நேரம் கிடைக்கும். கண்ணாடிக்கு மேல ஃபோகஸ் திரை இருக்கு, அது பிளாஸ்டிக். ஆல்கஹால் ஒரு துளி பட்டாக்கூடக் கறை விழும். அந்த வேலையைக் கேமராவைத் தலைகீழாப் பிடிக்காமச் செய்யுங்க.

பிரிசம்:
கேமரா வந்ததும் தூரத்து ஃபோகஸையும் பார்த்துவிடுங்கள். மங்கலான வெள்ளை டேப்பை ஃபிலிம் ஓடும் உள் தண்டவாளத்தின் மேல் இழுத்து ஒட்டி, 'பி' வேகத்தில் ஷட்டரைத் திறந்து பிடித்து, லென்ஸை முழுத் திறப்பிலும் இன்ஃபினிட்டியிலும் வைத்துத் தொலைவிலுள்ள கட்டடத்தைக் காட்டுங்கள். டேப்பில் தலைகீழ் பிம்பம் தெளிவாக விழ வேண்டும். வியூஃபைண்டரில் தெளிவு, டேப்பில் மங்கல் என்றால் யாரோ லென்ஸைப் பிரித்துச் சரியாகப் பூட்டவில்லை, அல்லது கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது.

புதுரோல்:
வாங்கிவிட்டேன். முதல் ரோல் எதைப் போடுவது? வீட்டில் பல ஆண்டுகள் முன் காலாவதியான ஒரு ரோல் இருக்கிறது, சோதனைக்கு அதைப் போடலாமா?

இருட்டறை:
கூடாது. படம் மங்கலாக வந்தால் குற்றம் ஃபிலிமிலா கேமராவிலா என்று பிரிக்க முடியாது. சோதனைக்குப் புதிய ஃபிலிம்தான். ஐஎஸ்ஓ 400 எடுங்கள்: கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கென்ட்மியர் 400, வண்ணத்தில் கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400. உங்கள் பகுதியில் கருப்பு வெள்ளை கழுவ ஆள் இல்லையென்றால் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் வாங்கலாம், அது கருப்பு வெள்ளை என்றாலும் வண்ண ஃபிலிமுக்கான சி-41 ரசாயனத்திலேயே கழுவப்படுவது. விலை குறைவு என்று சினிமா ஃபிலிமைச் சுற்றித் தருவதை இப்போதைக்குத் தொடாதீர்கள். பின்புறம் கருப்புக் கரிப்படலம் உள்ள வகையை சி-41 இயந்திரத்தில் விட்டால் ரசாயனமே கெட்டுவிடும்.

ஏற்றும்போது நாக்கைச் சுருளில் செருகி, பற்சக்கரம் இரு பக்கத் துளையிலும் பிடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள். பிறகு ரீவைண்டுக் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் லேசாகச் சுற்றித் தளர்வை எடுத்துவிட்டு லிவரை இழுங்கள். கைப்பிடி தானே எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை. 36 படம் எடுத்ததாக நினைத்து வெற்று ரோலைக் கழுவக் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

முதல் ஆறு படங்களைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். வெயில் நாளில், திறந்த நிழலில் ஒரு சுவர். ஐஎஸ்ஓ 400-க்கு 1/1000 எஃப்/2.8, 1/500 எஃப்/4, 1/250 எஃப்/5.6, 1/125 எஃப்/8, 1/60 எஃப்/11, 1/30 எஃப்/16. ஆறும் ஒரே அளவு வெளிச்சம், எனவே நெகட்டிவில் ஆறும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000 மட்டும் மெலிந்திருந்தாலோ ஒரு ஓரம் வெளுத்திருந்தாலோ ஷட்டர் திரை. எஃப் எண் ஏற ஏற அடர்த்தி கூடினால் அபெர்ச்சர் இலைகள். அதற்குப் பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம், கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்த்துங்கள். அந்தக் கட்டத்தில் ஏதாவது விழுந்திருந்தால் ஃபோம் வேலை முழுமையாகவில்லை. வண்ண ஃபிலிமில் கசிவு பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்புக் கோடாக வரும்.

சாம்பல் அட்டை:
மீட்டரையும் அந்த ரோலிலேயே ஒப்பிடுங்கள். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 400-க்கு 1/500 எஃப்/16 என்பது விதி. லேசான மேகம் என்றால் எஃப்/11, மூடிய வானம் எஃப்/8. உங்கள் மீட்டர் எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு தவறினால், உதாரணமாக எப்போதும் ஒரு ஸ்டாப் இருட்டாக எடுக்கச் சொன்னால், ஐஎஸ்ஓ வளையத்தை 200-க்குத் திருப்பி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வெயிலில் சரியாகவும் நிழலில் தவறாகவும் காட்டினால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

புதுரோல்:
கடைசியாக ஒரு கேள்வி. கழுவக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? ஸ்கேன் மட்டும் போதுமா?

இருட்டறை:
நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஸ்கேன் மட்டும் போதாது. ஸ்கேன் செய்யும் இயந்திரம் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானே சரிசெய்துவிடும். உங்கள் ஆறு சோதனைப் படங்களும் ஒன்றுபோலத் தெரிந்து, கோளாறு இருந்தாலும் மறைந்துவிடும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் படங்களை விட்டுவிட்டு ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஃபிலிம் பெயரையும் எண்களையும் பாருங்கள். அவை தெளிவாக இருந்து படங்கள் வெறுமையாக இருந்தால் கழுவியது சரி, ஃபிலிம் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகளே மங்கலாக இருந்தால் கழுவியதில் பிழை, கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் லிவர் பக்கம் வேலை இருக்கிறது.

திருப்புளி:
ரோல் முடிஞ்சதும் லிவர் இறுகும், பலமா இழுக்காதீங்க, துளை கிழிஞ்சிடும். அடித்தட்டுல இருக்கிற சின்ன பட்டனை அமுக்குங்க, கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுத்துங்க. ஃபிலிம் சுருள்ல இருந்து விடுபடும்போது ஒரு இழுப்பு இருக்கும், அப்புறம் திடீர்னு லேசாகும். அதுக்கு மேல நாலு சுத்து சுத்திட்டுத்தான் மூடியைத் திறக்கணும். நெகட்டிவ் வந்ததும் அந்த ஆறு படத்தையும் ஜன்னல்ல வச்சு ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.